தீனி பார்த்து நண்டு கொடுத்தவர்

டைபாய்டு வந்து எழுந்த என் மகள் நிற்கவே தடுமாறினாள். நண்டு ரசம் கொடுத்தால் தேறிவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னதும், பனியன் கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மங்கலம் ரோட்டு மீன் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. எந்த நண்டையும் கட்டைவிரலால் அடிவயிற்றில் அழுத்திப் பார்க்காமல் தராசில் வைக்க மாட்டார். அன்று கூடையில் இருந்த அத்தனையையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா?" என்றார்.

"காச்சல்ல கெடந்த புள்ளைக்குங்கண்ணா."

"அப்ப இது வேண்டாம். இது பண்ணையில வளத்த நண்டு, அங்க சரியா தீனி போடல, ஓட்டுக்குள்ள தண்ணிதான் இருக்கு. பொடிமீன் தின்னு வளர்ந்தாத்தான் சதையில சத்து நிக்கும்."

"நா வேற எங்கீங்கண்ணா போவேன்?" என்றேன்.

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே கயிறு கட்டிய இரண்டு நண்டுகள். "இது வேற பண்ணை. எங்க வீட்டுக்குன்னு எடுத்து வச்சேன், கொண்டு போ."

வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். மகள் ஒரு கிண்ணம் ரசம் குடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வீட்டில் அதை யாருக்காக எடுத்து வைத்திருந்தார் என்று நான் கேட்கவேயில்லை.