காற்று விற்கும் கொம்பனியுடன் பிராண்டேயிலிருந்து அல்பர்ட்ஸ்லுண்ட் வரை

கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பத்து நிமிடம் வாசிப்பதற்காக நானூற்று எண்பது கிலோமீற்றர் போய் வந்தேன். இங்கே டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்ட் நூலகத்தில் ஒரு கண்காட்சி. நூறு வருடங்களுக்கு முன்பே பிரெஞ்சுக்காரர் சிலர் எதிர்காலத்தைக் கேலி செய்து எழுதிய கதைகளும் கீறிய படங்களும். அங்குள்ள தமிழ் வாசகர் வட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் படங்களுக்கு நடுவே ஒரு வாசிப்பு வைத்திருந்தது. அதில் என் மொழிபெயர்ப்பும் ஒன்று.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் பாரிஸில் இருந்தேன். ஆற்றங்கரைப் பழைய புத்தகப் பெட்டியொன்றில் அட்டை இல்லாத ஒரு நாவலை வாங்கினேன். வருங்காலத்தில் ஒரு கொம்பனி காற்றை அளந்து, குழாய் வழியே விற்கிறது. பணக்காரர் காற்று வண்டிகளில் பறக்கிறார்கள். ஒருநாள் காற்று நின்றுவிடுகிறது. நடுவானில் தொங்குபவர்களிடம் கொம்பனியின் எழுத்தர் கம்பி வழியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு மன்னிப்புக்கும் கட்டணம் உண்டு. பிரெஞ்சில் வாசித்தபோது மெத்ரோ ரயிலில் வாய்விட்டுச் சிரித்ததில், பக்கத்திலிருந்தவர் எழுந்து போனார்.

அந்த அத்தியாயத்தைத் தமிழாக்க இரண்டு வருடம் ஆனது. நான்கு பேருக்கு வாசிக்கக் கொடுத்தேன். நால்வரும் “நல்லாயிருக்கு” என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கேலிக்கதையை வாசித்து மரியாதையாகத் தலையாட்டினால் எழுதியவளுக்கு எப்படி இருக்கும்? இந்த வாசிப்பிலும் சிரிப்பு வராவிட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

காலை 9.10க்குப் பிராண்டேயிலிருந்து புறப்பட்டோம். ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். எங்களுடையது பழைய மின்சாரக் கார், குளிர்காலத்தில் 180க்கு மேல் ஓடாது. என் கணவர்தான் ஓட்டினார். அவர் காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார்.

“காத்தை விக்கிற கதையை எனக்கே வாசிச்சுக் காட்டுறீர்,” என்றார், நான் மூன்றாம் தரம் ஒத்திகை பார்த்தபோது.

“சிரிப்பு வருதோ?”

“றோட்டைப் பாக்கிறன்.”

பதில் கிடைத்துவிட்டது. ஓடென்ஸ நகரம் தாண்டும் வரை வெளியே தெரிந்த காற்றாலைகளை எண்ணினேன்.

10.50க்கு நியூபோர்க் அருகே, பெரிய பாலத்துக்கு முன், சார்ஜ் ஏற்ற நிறுத்தினோம். அரை மணி நேரம் போதும் என்பது கணக்கு. அங்கே எட்டுச் சார்ஜ் கம்பங்கள். எட்டும் இருட்டு. ஆனால் தொலைபேசியில் இருந்த அப், அந்தச் செயலி, எட்டும் வேலை செய்கின்றன என்று பச்சை காட்டியது. உதவி எண்ணுக்கு எடுத்தால் ஒரு இயந்திரப் பெண் டேனிஷில் மிக இனிமையாக நன்றி சொன்னாள். பொறுமைக்கு நன்றி, எங்களைத் தெரிவு செய்ததற்கு நன்றி. இருபது நிமிடத்தில் ஏழு கார்கள் சேர்ந்துவிட்டன. ஆட்கள் கையில் போனோடு, காற்றில் விறைத்துக்கொண்டு நின்றார்கள். என் மடியில் இருந்த அத்தியாயம் வெளியே வந்து நின்றதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 11.40 ஆகிவிட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்த காரில் இருந்து கோல்டிங் ஊர்த் தமிழ் அண்ணை ஒருவர் இறங்கினார். பெயர் சொன்னார், எழுதுவதை விரும்பமாட்டார் என்பதால் ஊரை மட்டும் எழுதுகிறேன். முதியோர் இல்லமொன்றில் வேலை, வயது ஐம்பத்தைந்து இருக்கும். கொஞ்சநேரம் அந்த இயந்திரப் பெண்ணின் நன்றிகளைக் கேட்டார். பிறகு கையை ஒலிவாங்கிபோல் வாய்க்கு நேரே பிடித்தார். தேர்த் திருவிழா ஒலிபெருக்கிக் குரல் வந்தது.

“வணக்கம், வணக்கம். மின்சார அடியார்களுக்கு ஓர் அன்பான அறிவித்தல். காணாமற்போன கரண்டைக் கண்டெடுத்தவர்கள் அறிவித்தல் பந்தலில் உடனடியாக ஒப்படைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றோம். கரண்டின் அம்மா இங்கே அழுதுகொண்டு நிற்கிறார்.”

“இஞ்சாருங்கோ, மானத்தை வாங்காதேங்கோ, சனம் பாக்குது!” என்று அவர் மனைவி கார்க் கண்ணாடியை ஏற்றினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் ஏற்றினார். என் கணவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். பத்தொன்பது வருடமாகக் காற்றுக்கே வேலை செய்பவர், சொட்டுக் கரண்டுக்கு வழியில்லாமல் நின்று சிரித்தார்.

நான் சிரித்து முடிக்கும் முன்னே புரிந்தது. என் எழுத்தரின் குரல் பிழை. பிரெஞ்சில் அவர் அரச மாளிகை விழா அறிவிப்பாளரைப்போலப் பேசுவார். நான் அவரைக் கச்சேரியிலிருந்து வரும் அரசாங்கக் கடிதம்போலப் பேச வைத்திருந்தேன். ‘நிறுவனம் தங்கள் பொறுமைக்கு நன்றியுடையதாகின்றது’ என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? அகதிகளாய் வந்த இந்த நாட்டிலும் மண்டபம் எடுத்தால் முதல் வாங்குவது ஒலிபெருக்கி. அந்தக் குரலுக்கு முன் பணிந்தும் அதைக் கேலி செய்தும் வளர்ந்தவர்கள் நாங்கள்.

“அண்ணை, இதை நான் எடுக்கலாமோ?”

“எதையம்மா?”

“உங்கடை அறிவித்தலை. ஒரு கதைக்கு.”

“எடுங்கோ தங்கச்சி. அதுக்கு அப் தேவையில்லை.”

12.20க்குக் கம்பங்களின் விளக்குகள் தாமாகவே எரிந்தன. 12.50 வரை சார்ஜ் ஏறியது, நான் எழுத்தரின் பேச்சைப் பென்சிலால் மாற்றி எழுதினேன். பாலத்தின் பதினெட்டுக் கிலோமீற்றரும் எழுதினேன், கடலைப் பார்க்கவில்லை. “மெதுவாப் போங்கோ, எழுத்து ஆடுது,” என்றேன். கணவர் மணிக்கு எண்பதில் போனார். லொறிகள் எங்களை முந்தின.

நூலகத்துக்குள் நுழையும்போது 2.05. முப்பது பேர் அளவில் இருந்தார்கள். மூச்சு வாங்காமல் தொடங்கினேன். முதல் பக்கம் அமைதி. அதே மரியாதையான அமைதி. வண்டிகள் நடுவானில் நின்றன, கம்பி அதிர்ந்தது, எழுத்தர் வாய் திறந்தார்.

“வணக்கம், வணக்கம். வானத்தில் தொங்கும் அன்பர்களுக்கு ஓர் அன்பான அறிவித்தல். காணாமற்போன தென்றலைக் கண்டெடுத்தவர்கள்...”

இரண்டாவது வரிசையில் ஒரு அக்கா கைப்பையால் வாயை மூடினார். அது முடியாமல் போயிற்று. பிறகு மண்டபம் முழுவதும். நான் இரண்டு தரம் நிறுத்த வேண்டி வந்தது. பெற்றோருக்கு டேனிஷில் பதில் சொல்லும் பிள்ளைகள்கூட அந்தக் குரலை அறிந்திருந்தார்கள்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாலத்துக்கு நாங்கள் போகும்போது ஒரு தடவைக்கு 275 குரோனர் ஆனது, மாறும், பார்த்துவிட்டுப் போங்கள். பழைய மின்சாரக் கார் என்றால் பாலம் வரை காத்திராமல் ஓடென்ஸவிலேயே சார்ஜ் ஏற்றுங்கள். ஒரு அப்பை மட்டும் நம்பாதீர்கள். சூடான தேநீரும் தடித்த கையுறையும் காரில் இருக்கட்டும். நூலகத்துக்குள் போக இலவசம்.

நான் பெருமைப்படுவதை மறைக்கத் தெரியாதவள், மறைக்கவும் விரும்பவில்லை. உலகம் பெயரை மறந்துபோன ஒரு பிரெஞ்சுக்காரர் தன் ஆட்களின் இயந்திர மோகத்தைப் பார்த்து எழுதிய பகிடிக்கு, டென்மார்க்கில் ஒரு சனிக்கிழமை மதியம் தமிழர் முப்பது பேர் சிரித்தார்கள். அந்தப் பகிடி எங்கள் மொழியில் உயிரோடு இருக்கிறது. புத்தகத்தை மூடவில்லை. இன்னும் பதினொரு அத்தியாயம் இருந்தது, மறுநாள் காலையே அவற்றில் முதலாவதைத் தொடங்கிவிட்டேன்.