இருபத்திரண்டாம் வீட்டில் யார்?

குருண் நகரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. அதனால், எங்கள் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டியலில் ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் மாற்று வீடு.

படித்ததைக் காட்டாமல் விடுவேனா? முதலில் அட்டவணைகள் போட்டேன். ஆட்களுக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று. ஓர் ஆளுக்கு ஒரு வரி, ஒரு குடும்பம், ஒரு வீட்டு எண். விதிக்கு அடங்காத எதையும் அது உள்ளே விடாது. ஓர் அக்காவிடம் வந்து அது முட்டிக்கொண்டு நின்றது. அவர் பிறந்தது பதினான்காம் வீட்டில். பிள்ளையில்லாத அத்தைக்குக் கொடுத்துவிட்டதால் வளர்ந்தது இருபத்திரண்டில். எங்கள் லயத்தில் இப்படிக் கொடுத்து வாங்கிய பிள்ளைகள் பல பேர். இன்னோர் அட்டவணை சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். எனக்குத்தான் பொறுமை இல்லை.

எரிச்சலில் அட்டவணை இல்லாத தரவுத்தளத்துக்கு மாறினேன். அதில் குடும்பத்துக்கு ஓர் ஆவணம். எந்த உறவைச் சொன்னாலும் அப்படியே வாங்கிக்கொள்ளும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்க வேண்டியதில்லை. இரண்டே வாரத்தில் லயம் முழுவதும் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா இரண்டு வீட்டு ஆவணங்களிலும் இருந்தார். பிறகு அத்தை இறந்துபோனார். இருபத்திரண்டில் அக்காவைக் குடும்பத் தலைவியாக்கினேன். பதினான்கைத் தொடவே இல்லை. அட்டவணையில் அவருக்கு ஒரே வரிதான், ஓரிடத்தில் மாற்றினால் போதும். இங்கே இரண்டு பிரதிகள். அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. பட்டியலை எடுத்தபோது, ஒரே ஆளை இரண்டு முறை கண்ட என் நிரல் ஓர் இடத்தில் அவரை வெட்டிவிட்டது. இருபத்திரண்டாம் வீடு காலி என்று வந்தது.

அன்று சனிக்கிழமை. திங்களன்று அலோர் ஸ்டாரில் அரசு அலுவலகத்தில் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். ஒரு வீடுதானே, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார் எங்கள் லயத்துக் குடியிருப்பாளர் குழுத் தலைவர். எனக்குச் சுருக்கென்றது.

"அப்புறம் திருத்துனா அந்த வீடு அக்காவுக்குக் கிடைக்காது அண்ணே. சரி பண்ணாம நான் கொடுக்க மாட்டேன் லா," என்றேன்.

ஞாயிறு காலையிலேயே உட்கார்ந்தேன். ஆவணங்களைத் தூக்கி எறியவில்லை. ஆளுக்கு ஒரு தனி ஆவணம் போட்டு, வசிக்கும் வீட்டை அதில் மட்டும் எழுதினேன். குடும்ப ஆவணங்களில் அவரவர் தனி ஆவணத்தின் எண்ணை மட்டும் வைத்தேன். அட்டவணை கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. பிறகு வீடு வீடாக ஏறி இறங்கிச் சரிபார்த்தேன். அக்காவிடம் என் தப்பைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திங்களன்று லயத்தார் எல்லாரும் அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தோம். இருபத்திரண்டாம் வீட்டைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து போனார். இறந்துபோனவருக்கு நீங்கள் என்ன உறவு என்று அதிகாரி மலாயில் கேட்டார். அவர் நிரப்பிய விண்ணப்பப் பாரத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார்.

"அனாக்."

பிள்ளை. அதிகாரி எழுதிக்கொண்டார்.