ஆற்றங்கரையில் நின்ற ஆட்டுக்குட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணி சினிமாக் கொட்டகை ஒன்றில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று காலைக் காட்சியாக ஒரு பொம்மைப் படம் போட்டார்கள். இரண்டே நாள்தான். முதல் நாள் என் மகளின் வகுப்பு போனது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த தாய்மார்களில் நானும் ஒருத்தி.

படத்தில் சண்டை இல்லை. மழை பெய்து ஆற்றில் வெள்ளம். தாய் ஆடு அந்தக் கரையில், குட்டி இந்தக் கரையில். எங்கள் ஊர் ஆற்றில் அவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. குட்டி காதை ஆட்டும். ஒரு நத்தை போவதை நின்று பார்க்கும். கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள்.

கோடுகள் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தன. என் கண்தான் சரியில்லை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பிடிபட்டது. எங்கள் வீட்டில் ஜக்கார்டு தறி. சேலைக் கரையில் ஓர் அன்னம் வருவதற்கு, ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோர்ப்பது என் வேலை. ஓர் அட்டைக்கும் அடுத்ததற்கும் ஒன்றிரண்டு ஓட்டைதான் வித்தியாசம் இருக்கும். இதுவும் அப்படித்தான். குட்டி ஒரு தடவை காதை ஆட்ட, யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்திருக்கிறார்கள். கை என்றால் கொஞ்சம் நடுங்கத்தானே செய்யும்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. அரை மணி காத்திருந்துவிட்டு டீச்சர் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டார். வெளியே ஐஸ் வண்டியைப் பார்த்ததும் என் மகள் படத்தை மறந்துவிட்டாள். எனக்கு மறக்கவில்லை.

"நாளைக்கி காலையில அந்தப் படத்துக்குப் போய்ட்டு வரேங்க" என்று சாயந்திரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்குதே."

"நான் மட்டும்தாங்க."

அவர் தறியை நிறுத்தினார். "பொம்மைப் படத்துக்கா? தார் யாரு சுத்துவாங்க, அந்த ஆட்டுக்குட்டியா?"

தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல். அது தீர்ந்தால் தறி நின்றுவிடும். விடியும்போதே எழுந்து ராட்டையில் உட்கார்ந்தேன். மதியம் வரைக்கும் போதுமான தாரைச் சுற்றிக் கூடையில் போட்டு, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். கூடையைப் பார்த்தார். "ஜல்தி வந்துடு" என்றார்.

கொட்டகை வாசலில் டிக்கெட் கொடுக்கிறவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பசங்க எங்கம்மா?"

"ஸ்கூல்ல இருக்காங்க."

"அப்ப யாருக்கு டிக்கெட்டு?"

கடைக்காரரிடம்கூட நிமிர்ந்து பேசாதவள் நான். பிள்ளை பின்னாலே வருகிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"எனக்குத்தாங்க."

அவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "அம்மா பொம்மைப் படம் பாக்க வந்துகிறாங்கப்பா" என்றார். பிறகு என்னிடம், "பசங்களுக்கு மட்டும்தாம்மா. சாயந்திரம் வா, பெரியவங்க படம் ஓடும்."

முகம் சுட்டது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. ஓரமாக நின்றேன். வேறு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். அந்த டிக்கெட்காரரே கதவைச் சாத்த வந்து, "இன்னாம்மா, இன்னும் நின்னுகினு இருக்க?" என்றார்.

"நேத்து பாதியில கரண்ட் போச்சுங்க. குட்டி இந்தாண்ட கரையிலயே நிக்குது."

"எந்தக் குட்டி?"

"படத்துல வர்ற ஆட்டுக்குட்டிங்க."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"கடைசி பெஞ்சில போய் குந்து. குட்டி இன்னா ஆச்சுன்னு வந்து எனக்கும் சொல்லு."

முழுப் படமும் பார்த்தேன்.

முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைகளோடு பிள்ளையாக வெளியேறியிருக்கலாம். அவர் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன்.

"அம்மா கிட்ட போய்ச் சேந்துடுச்சிங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸை இறக்கினார். "அவ்ளோ வெள்ளத்துல எப்படித் தாண்டிச்சு?"

"தாண்டலீங்க. தண்ணி வடியற வரைக்கும் அங்கயே நின்னுச்சு."