ஜன்னலைத் திறந்தால் ஓடும் கம்ப்யூட்டர்

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடிய வருடம், அரவேணுவுக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் பாதிக்குமேல் பூட்டுத் தொங்கியது. என்னோடு பள்ளிக்கு நடந்துவந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அப்பாவும் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அம்மா விடியுமுன் ஜீப் ஏறி ஊட்டிப் பக்கம் கேரட் பிடுங்கப் போவாள். வீட்டில் மிச்சமிருந்தது நானும் அக்காவும், ஃபேக்டரி ஆபீஸில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரும்தான்.

அக்கா கோத்தகிரியில் கம்ப்யூட்டர் படித்தவள். பனியனில் பூத்தையல் போடுவதற்கான படங்களை வீட்டிலேயே வரைந்து, ஃபிளாப்பியில் ஏற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம் என்று அப்பா ஒரு வேலை பிடித்திருந்தார். ஆனால் படம் வரையும் புரோகிராமைத் திறந்தால் அந்தக் கம்ப்யூட்டர் நின்று யோசித்தது. அதன் வேகத்தைக் கூட்டுவது என்று அக்கா முடிவெடுத்தாள்.

கூட்டியதும் அது உறைந்துபோனது. பிறகு கிளம்பவே மறுத்தது. அக்கா பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள். சற்று நேரம் கழித்துக் கேட்டு வாங்கி மாட்டுவாள். கூட்டிய வேகம் மறந்துபோய் அதற்குப் பழைய நிலை திரும்பிவிடும். அந்த விடுமுறையில் எனக்கு இருந்த ஒரே விளையாட்டு அதுதான்.

ஒரு நாள் அவளே கோளாறைக் கண்டுபிடித்தாள்.

"ப்ராசசரை வேகமா ஓட்டுனா மெமரியும் அதுகூடவே ஓடுது பாப்பா. இந்த மெமரிக்கு அவ்வளவு தெம்பு இல்ல. அது நாலு எட்டு வெச்சா இது மூணு வெச்சாப் போதும்னு மாத்தோணும்."

"அப்ப மெமரியை உட்டுட்டுப் போயிருமா?"

"போவாதுடி. சொன்ன கணக்குல நின்னு வாங்கிக்கும்."

மாற்றினாள். ஓடியது. சூடு மட்டும் ஏறியது. அதற்கு ஜன்னலைத் திறந்து மூடுபனியை உள்ளே விட்டோம். கம்ப்யூட்டருக்குச் சூடு தணிந்தது, எனக்குச் சளி பிடித்தது. அக்கா எப்போதும் வீட்டிலிருக்கப் போகிறாள் என்ற சந்தோஷத்தில் நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வரைந்து அனுப்பிய மயில் படம் கம்பெனிக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. கம்ப்யூட்டரோடு கிளம்பி வரச் சொன்னார்கள். போர்வையில் சுற்றி பஸ்ஸின் கடைசி சீட்டில் அதை வைத்துக்கொண்டு அவள் போனாள். அதன் பிறகு பள்ளிவிட்டு வந்தால் பூட்டை நானே திறந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக் கடைக்கு போன் பண்ணினாள். திருப்பூர் வெக்கையில் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதாம். நான் வீட்டுக்கு ஓடிவந்து மேஜையைத் துடைத்து வைத்தேன். குளிரில் மட்டும் ஓடும் கம்ப்யூட்டர் வேறெங்கே போகும்? அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு நானே ரிசீவரை எடுத்து, எப்போது கொண்டுவருகிறாய் என்று கேட்டேன்.

"வேகத்தைப் பழையபடி கொறைச்சுட்டேன் பாப்பா. மெதுவா ஓடுனாப் போதும்னு கம்பெனில சொல்லீட்டாங்க."

"அப்ப நீ வர மாட்டியா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவதுபோல ஏதோ கேட்டது. கம்பியில் கோளாறு என்று நினைத்து, கடைக்காரரிடம் லைன் கட்டாகிவிட்டதாகச் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன்.