காக்கீமா வீட்டு சீரியலும் என் ஹாட்ஸ்பாட்டும்

பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டவங்க, காலையிலேயே எங்க பாலிகஞ்ச் தெருவோட இன்டர்நெட் கேபிளை அறுத்துட்டாங்க.

மத்தியானம் எனக்கு ஆபீஸ் டெமோ. ஆபீஸ்ல கொடுத்த கம்ப்யூட்டர்ல வைஃபையே கிடையாது, வயர் மட்டும்தான்.

விடுவேனா? மொபைல் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்ல பிடிச்சு, லேப்டாப்லேர்ந்து லேன் வயரை ரவுட்டர்ல சொருகினேன். வீட்டு வயர் பூரா என் மொபைல் நெட்! டெமோ அமோகம்.

டெமோ முடியவும், இன்னிக்கு டேட்டா தீரப்போகுதுன்னு மெசேஜ் வரவும் சரியா இருந்தது.

அதுக்குள்ள எப்படி?

அப்பதான் உறைச்சது. அதே ரவுட்டர்லேர்ந்து ஒரு வயர் கீழே இருக்கற ஹவுஸ் ஓனர் காக்கீமா, அதான் பெங்காலிச் சித்தியோட டிவிக்கும் போகுது.

இறங்கி ஓடினேன். சீரியல் பளிச்சுனு ஓடிட்டிருக்கு.

"வா வா, நெட் வந்துடுச்சு பாத்தியா?"ன்னு பெங்காலியில ஒரே சந்தோஷம். "கேபிள்காரன் போன் பண்ணான். நல்லா ஓடுது, நீ வரவே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கையில ஒரு சந்தேஷ் ஸ்வீட் வேற வெச்சாங்க.

கேபிள்காரரைத் திரும்பக் கூப்பிட்டா, இனிமே பூஜை முடிஞ்சுதான் வருவாராம்.

நாளைக்கு சீரியல்ல கல்யாணமாம், ரெண்டு மணி நேர ஸ்பெஷல். மொய் எழுதறவங்க டேட்டாவா எழுதிடுங்க.