கொசுறு வேண்டாம் என்று தீர்மானம் போட்ட மாசம்

எனக்கு வாய் ஜாஸ்தி. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்த ஆறாம் மாசமே எங்கள் பில்டிங்கில் எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. யார் புடவை எடுக்கப் போனாலும், வெண்கலப் பானை வாங்கப் போனாலும், "மூணாம் மாடிக்காரியையும் கூட்டிண்டு போ. அவ பேசினா கடைக்காரன் அழுதுண்டே குறைப்பான்" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வத்தைத் தினமும் காலையில் ஒருத்தி வந்து உடைப்பாள். அவள்தான் கீரைக்காரி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தாராவியில் குடியிருந்தாள். புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. இவள் உப்பங்கழிக் கரை ஓரம் நாலு பாத்தி போட்டுக் கீரை விதைத்து, விடிந்ததும் பறித்துக்கொண்டு கூடையோடு மாட்டுங்காவுக்கு நடந்து வந்துவிடுவாள். என் வயசுதான் இருக்கும். வாயில் எனக்கு அக்கா.

"கட்டு ஓரணா" என்று ஆரம்பிப்பாள்.

"ஓரணாவா! கீரை விக்கறயா, தங்கம் விக்கறயா?"

"தங்கம்னா உங்க மாடிக்கு ஏன் ஏறுதேன்? சேட்டு வீட்டுக்குல்லா கொண்டு போவேன்."

"காலணா தரேன்."

"காலணாவுக்கு வேரத்தான் தருவேன். ஒட்டியிருக்க மண்ணு இனாம்."

பிறகு கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கோபமாக இறங்குவாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் காலடிச் சத்தம் நிற்கும். அங்கே அவள் நிற்பது எனக்குத் தெரியும், நான் கூப்பிடப் போவது அவளுக்குத் தெரியும். "சரி, வந்து தொலை" என்பேன். அரையணாவில் முடியும். நேற்றும் அரையணாதான், நாளைக்கும் அரையணாதான். ஆனாலும் கால் மணி நேரம் சண்டை போடாமல் ஒரு நாளும் கீரை வீட்டுக்குள் வந்ததில்லை.

முடிந்ததும் ஒரு கொத்து கறிவேப்பிலையை என் முறத்தில் எறிவாள். "இந்தாங்க, கொசுறு. ஐயாவுக்கு ரசத்துல போடுங்க. உங்க வாயத் தாங்குத மனுசனுக்கு ஒரு வாசமாவது வேண்டாமா?"

எட்டு மணிக்கு ஆபீஸ் போகிற என் அகத்துக்காரர் ஏழு மணிக்குத்தான் திரும்புவார். நடுவில் இருக்கிற அத்தனை மணி நேரத்தில் என்னோடு மனம் விட்டுப் பேசினவள் அவள் ஒருத்திதான். சண்டையும் பேச்சுதானே.

சுதந்திரம் வந்த மறு வருஷம் ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்த சமயம், பம்பாயில் ஒரு புயல் அடித்தது. எங்கள் பில்டிங்கில் நாலு ஜன்னல் கண்ணாடியும் மொட்டை மாடியில் காயப்போட்ட என் வடாமும் போயின. தாராவியில் என்ன போகவில்லை என்று கேட்பது சுலபம். தகரக் கூரைகள் பறந்துவிட்டன. கழித் தண்ணீர் ஷெட்டுகளுக்குள் புகுந்து, தொட்டியில் ஊறின தோல் அத்தனையும் அழுகிப்போய், வேலை நின்றுவிட்டது. ஆண்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கூடை தூக்கும் பெண்கள் கொண்டு வருவதுதான் அந்தச் சந்து முழுவதற்கும் சாப்பாடு.

புயலுக்குப் பத்து நாள் கழித்துக் கீரைக்காரி வந்தாள். கூடையில் கால்வாசிதான் இருந்தது. உப்புத் தண்ணீர் ஏறிப் பாத்தி வெந்துவிட்டதாம், தாதர் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு வந்தாளாம். "அவுக ஊருக்கே போயிருவோம்ங்காக. இங்கன ஓடுதா பாப்போம்னு நாந்தான் இழுத்துப் புடிச்சுட்டு இருக்கேன். வைகுண்ட ஏகாதசிக்குள்ள ஓடலன்னா ரயிலேறிர வேண்டியதுதான்" என்றாள். அங்கே அவர்களுக்குக் காணியும் கிடையாது, கூரையும் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

பத்து குமாஸ்தாக்கள் ஒரு இடத்தில் கூடினால் அங்கே கமிட்டி பிறக்காமல் இருக்காது. எங்கள் கூடத்தில் பிறந்தது. என் அகத்துக்காரர்தான் காரியதரிசி. முதலில் பழைய துணி சேகரித்தார்கள். குமாஸ்தாக்கள் வீட்டில் பழைய துணி என்றால் என்ன இருக்கும்? முழங்கை நைந்த ஆபீஸ் கோட்டுகள்தான். ஒரு வாரம் தாராவியில் கூரை இல்லாத வீட்டு வாசலில் எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று கேள்வி.

அப்புறம்தான் அவர்களுக்கு ஞானோதயம் வந்தது. துணி கொடுத்தால் போதாது, வியாபாரம் தலைதூக்க வேண்டும் என்று பேசினார்கள். ரேஷன் சர்க்கரையில் மூன்று தடவை காபி குடித்துவிட்டு மூன்று தீர்மானம் போட்டார்கள். ஒரு மாசத்துக்குத் தாராவிக்காரர்களிடம்தான் வாங்குவது. விலை பேசக் கூடாது. கொசுறு கேட்கவும் கூடாது, கொடுத்தால் வாங்கவும் கூடாது.

இதை ஆபீஸ் டைப்ரைட்டரில் இங்கிலீஷில் அடித்து மாடிக்கு மாடி ஒட்டினார்கள். காய் வாங்குகிற எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. காய் என்ன விலை என்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

"ஏன்னா, பேரம் பேசாம எப்படி வாங்கறது?" என்று கேட்டேன்.

"கஷ்டப்படறவாகிட்ட காலணாவுக்குச் சண்டை போடறது பாவம்டி. ஒரு மாசம் வாயைக் கட்டு. உலகம் முழுகிடாது" என்றார். அவர் சொன்னதில் தப்பு என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. நாக்கு அரித்தது, அவ்வளவுதான்.

மறுநாள் கீரைக்காரி வந்தாள். "கட்டு ஓரணா."

ஓரணாவை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

காசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஓரணான்னு சொன்னேன்."

"காதுல விழுந்தது."

"ஒண்ணும் சொல்லலியே?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

பிறகு வழக்கம்போல ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்து நீட்டினாள். நான் முறத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "வேண்டாம், நீயே வெச்சுக்கோ. பாவம், நீ இருக்கற இருப்புல..." என்று இழுத்தேன். அவள் கறிவேப்பிலையைக் கூடையில் திரும்பப் போட்டுக்கொண்டு இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் காலடி நிற்கவில்லை.

அடுத்த நாள் வந்ததும், "அரையணா" என்றாள். எடுத்த எடுப்பிலேயே அரையணா! நான் என்னைப் பெரிய தர்மப்பிரபு என்று நினைத்துக்கொண்டு ஓரணாவையே கொடுத்தேன். அவள் மடியிலிருந்து அரையணாவை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வரவில்லை.

இதற்குள் கமிட்டியின் புகழ் பரவிவிட்டது. மாட்டுங்காவில் பேரம் பேசாத பில்டிங் ஒன்று இருக்கிறது என்று குர்லா முதல் பரேல் வரை செய்தி போய், இருக்கிற கூடைக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் மாடிப்படியில் ஏறிவிட்டார்கள். கேட்டால் எல்லாரும் தாராவிதான். ஒரு வெங்காயக்காரன் எங்கேயோ இருக்கிற கல்யாண் ஊரிலிருந்து ரயிலில் வந்திருந்தான். அவனுக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை "தாராவி". அதைக் கை கூப்பிச் சொன்னான். கத்தரிக்காய் விலை மூன்று மடங்கு ஏறியது. நிஜமான தாராவிக்காரிகளுக்கு வாசலில் கூடை இறக்க இடமில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

என் அகத்துக்காரர் மட்டும் குஷியாக இருந்தார். "பாத்தியா, படியெல்லாம் வியாபாரம்! ஒரே வாரத்துல தாராவி எழுந்து நின்னுடுத்து" என்றார்.

"என் கீரைக்காரியைக் காணோம். எழுந்து எங்கே போனாளாம்?" என்று கேட்டேன். அவர் தீர்மான நோட்டைப் புரட்டினார். அதில் அவளைப் பற்றி ஒன்றும் இல்லை.

கீரைக்காரி நின்றுபோன நாலாம் நாள், அவள் சந்திலிருந்து வரும் விளக்குமாறு விற்கிறவள் வந்தாள். அவளிடம் விசாரித்தேன்.

"அவளா? கூடைய கவுத்துப் போட்டுட்டா. ஊருக்கு டிக்கெட் எடுக்கப் போறாக" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "மாடி அம்மாவே நம்மளோட பேச மாட்டேங்காக. பிச்சைக்காரிக்குப் போடுத மாதிரி கையில போட்டுட்டாக, நம்ம கை கொசுறுகூட ஆகலன்னு சொல்லி அழுதா."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. நான் நல்லது என்று நினைத்துச் செய்தது அவளுக்கு அறைந்த மாதிரி இருந்திருக்கிறது. புயல்கூட அவளிடமிருந்து எடுக்காததை நான் எடுத்திருக்கிறேன். முதலில் கமிட்டியின் மேல் கோபம் வந்தது, அப்புறம் என் மேல். அழுகையும் வந்தது. அழுதுகொண்டே அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, விளக்குமாற்றுக்காரியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். தாராவிக்குப் போகிற ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் அதுவரை நான் போனதே இல்லை.

சந்தில் இன்னும் சேறு காயவில்லை. பாதி வீட்டுக்குத் தகரம், மீதிக்குக் கோணி. அவள் வீட்டு வாசலில் அவள் புருஷன், என் அகத்துக்காரரின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பட்டன் நான் தைத்தது, எனக்குத் தெரியாதா? என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே குரல் கொடுத்தார். அவள் வெளியே வந்தாள். "வாங்க" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்லலாமா, தீர்மானத்தை விளக்கலாமா என்று. வாசலில் ஒரு சட்டியில் நாலு கட்டு முளைக்கீரை வாடிக் கிடந்தது. அதைப் பார்த்தேன்.

"கட்டு என்ன விலை?" என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க. வாடிப் போச்சு, காசு வேண்டாம்."

"ஏன், நான் என்ன பிச்சைக்கா வந்திருக்கேன்? விலை சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஏதோ அசைந்தது. "அப்ப ரெண்டணா" என்றாள்.

"ரெண்டணாவா! இந்த வாடின வதங்கலுக்கா? இதை மாடு பாத்தாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கும்!"

"மாடு திருப்பிக்கிடும். நீங்க பாலத்தைத் தாண்டி நடந்து வந்திருக்கியளே!"

"காலணா. அதுக்கு மேல ஒரு தம்படி கிடையாது."

"காலணாவா? ஆறு நாளா வாய மூடி வச்சிருந்து, தொறந்ததும் இதா வருது? யேளா, எல்லாரும் இங்க வந்து கேளுங்களா, மாட்டுங்கா அம்மா காலணாங்காக!"

சந்தே கூடிவிட்டது. என் பக்கம் நாலு பேர், அவள் பக்கம் நாப்பது பேர். ஆறு நாள் அடக்கி வைத்த வாய், நான் விடுவேனா? அவள் தாதரில் என்ன விலைக்கு வாங்கியிருப்பாள் என்று கணக்குச் சொன்னேன். அவள் என் சமையலைப் பற்றிச் சொன்னாள். ஊருக்குப் போவதைப் பற்றியும் இழுத்தேன். "கெட்டும் பட்டணம் சேர்னு சொல்லுவா. நீ கெட்டுப்போய்ப் பட்டணத்தை விட்டுப் போறேங்கறயே, புத்தி இருக்கா உனக்கு?" என்று கத்தினேன். அப்போது அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்துக்கொண்டேன். அரையணாவில் முடிந்தது.

நான் புறப்பட்டேன். "இருங்க" என்று உள்ளே ஓடினாள். கறிவேப்பிலைக்கு எங்கே போவாள்? அந்த வீட்டில் ஒரு அடுப்பும் அந்தப் பெட்டியும்தான் இருந்தன. பின்பக்கம் போய் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. தகர டப்பாவில் வைத்த ஒரு மிளகாய்ச் செடி, புயலில் சாய்ந்தது, ஒரு பக்கம் உயிரோடு இருந்ததாம். அதிலிருந்து இரண்டு பச்சை மிளகாய் கிள்ளிக்கொண்டு வந்தாள். அதில் இருந்ததே இரண்டுதான் என்று பிறகு தெரிந்தது.

"இந்தாங்க, கொசுறு."

வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டு முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினேன். அவள் அதை என் முறத்தில் எறிகிற அதே தோரணையில் எறிந்தாள்.

அன்று சாயங்காலம் என் அகத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு மாடி மாடியாகப் போய் ஒட்டின தாளையெல்லாம் கிழித்துக்கொண்டு வந்தார். முதல் தீர்மானத்தை மட்டும் தமிழில் எழுதித் திரும்ப ஒட்டினார். பேரம் திரும்பியதும், ஒரே வாரத்தில் கல்யாண் வெங்காயக்காரன் தாராவியை மறந்துவிட்டான். தாராவிக்காரிகள் படியில் கூடை இறக்கினார்கள். ஷெட்டு திறக்க இன்னும் இரண்டு மாசம் ஆயிற்று. அதுவரை அந்தச் சந்து, எங்கள் படிச் சண்டையில்தான் சாப்பிட்டது.

அதெல்லாம் பின்னால். மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வருவாளா, ரயிலேறிவிட்டாளா என்று படியையே பார்த்தேன். கீழே முதல் மாடியில் காலடி கேட்டது. மூச்சு வாங்க ஏறி வந்து கூடையை இறக்கினாள்.

"ஊருக்குப் போகலையா?" என்றேன்.

"அவுக பெட்டியக் கட்டிட்டாக, நாந்தான் அவுத்துட்டேன்" என்றாள். "உங்கள மாதிரி சண்டக்காரி அங்க எனக்கு யாரு இருக்கா? கட்டு ரெண்டணா."