பானட்டின் மேல் போட்ட சாட்சிக் கையெழுத்து

தொண்ணூற்றொன்றில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய அம்பாசடர் வந்தது. என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் அடுத்தவன் காரை ஓட்டியவர். மறைமலை நகர் ஃபேக்டரி அதிகாரிகளை ஏற்றி இறக்கிவிட்டு, முதலாளி கொடுக்கிற பேட்டாவை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். சொந்தமாக ஒரு கார் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கதையை ஆரம்பித்தாலே எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

ஃபைனான்ஸ் ஏற்பாடு செய்தவன் படப்பையில் ஒரு புரோக்கர். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு நாலைந்து தடவை வந்தான். வந்தபோதெல்லாம் சாப்பிட்டான். அவனுக்கு மீன் குழம்பு ஊற்றிய கை இது, நினைத்தால் வயிறு எரிகிறது. "மூணு வருசத் தவணைண்ணே. நடுவுல மொத்தமா கட்டிட்டீங்கன்னு வையுங்க, மிச்ச வட்டி அப்டியே தள்ளுபடி" என்றான். வாய் தவறி ஒரு தடவை சொன்னதல்ல. வந்த ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

கார் வந்த அன்றைக்கு அதை மந்திரிக்க எங்கள் சர்ச்சிலிருந்து ஃபாதர் வந்துவிட்டார். தெருவே கூடி நின்றது. ஃபாதர் தீர்த்தச் செம்போடு காத்திருக்க, புரோக்கர் காகிதக் கட்டு ஒன்றை பானட்டின் மேல் விரித்தான். எல்லாம் இங்கிலீஷ், பொடிப்பொடி எழுத்து. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. என் வீட்டுக்காரர் குனிந்து குறி குறியாகப் போட்டு முடித்தார். அப்புறம் புரோக்கர் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, நீங்க படிச்சவங்க. சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து. ஃபாதர் காத்துகினு கீறாரு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பவள் நான். எத்தனையோ கல்யாண ரிஜிஸ்டரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள். படிச்சவங்க என்று தெருவே கேட்கச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். நிதானமாகப் படித்திருந்தால் பாதியாவது புரிந்திருக்கும். படிக்கவில்லை. இங்கிலீஷிலேயே பெயரை எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தோம். அவர் ஒரு சவாரியையும் விடவில்லை. கடைசியில் என் செயினையும் விற்று, மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று தாம்பரத்தில் இருந்த அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போனோம். மேனேஜர் சிரித்தார்.

"வட்டி தள்ளுபடியா? யார் சொன்னது? இது கடனே இல்லம்மா. வாடகை ஒப்பந்தம். கடைசித் தவணை வரைக்கும் கார் எங்களுது, நீங்க வாடகைக்கு ஓட்டறீங்க. இன்னைக்கே கட்டினாலும் மூணு வருஷத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணும்."

எங்கள் கார் என்று ஃபாதர் தீர்த்தம் தெளித்த கார் எங்களுடையதே இல்லையாம்! ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டேன். இன்று போய் நாளை வா என்று மூன்று தடவை அலைய விட்டார்கள், கொடுக்கவில்லை. புரோக்கரைத் தேடிப் பிடித்தோம். "நான் எப்ப அண்ணி அப்டி சொன்னேன்?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டான்.

நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்க வக்கீல் வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். உட்கார்ந்து நாலு பக்கம் தமிழில் நானே எழுதினேன். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை என்பதுதான் அதில் முக்கியமான வரி. "வுட்டுடும்மே, பெரிய எடத்தோட நமக்கு எதுக்கு?" என்றார் அவர். விடவில்லை. ஒப்பந்தம் அவர் பெயரில் என்பதால் புகாரும் அவர் பெயரில். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கையெழுத்து வாங்கினேன்.

செங்கல்பட்டில் விசாரணை. எங்களுக்குக் கொடுக்காத ஒப்பந்தத்தை அன்றைக்குத்தான் கம்பெனி வக்கீல் வெளியே எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியைத் தமிழில் சொன்னார்: 'மேற்கண்ட ஷரத்துகள் அனைத்தையும் இவருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கினேன்.'

விளக்கியது நானாம். அடியில் கோடு இழுத்த என் கையெழுத்து.

"நான் படிக்கவே இல்ல சார்" என்று எழுந்தேன். உட்காரச் சொல்லிவிட்டார்கள். வக்கீல் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் போனார். குரலில் அப்படி ஒரு கனிவு.

"உங்க மனைவி படிச்சுக் காட்டினாங்களா, இல்லையா? இல்லேன்னா அவங்க பொய்ச் சான்று குடுத்ததா ஆயிடும். அது போலீஸ் கேஸ். யோசிச்சுச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"படிச்சுக் காட்டுச்சு சார். எல்லாம் வெளக்கமா சொல்லுச்சு."

"பொய் சொல்றாரு சார்!" என்று கத்தினேன். அதற்குள் எழுதிக்கொண்டுவிட்டார்கள். புகார் தள்ளுபடி ஆனது.

திரும்பும்போது முன் சீட்டில் உட்காராமல் பின்னால் ஏறிக்கொண்டேன். சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் வரைக்கும் திட்டித் தீர்த்தேன். கோழை என்றேன், அதற்கு மேலும் சொன்னேன். கேட் மூடியிருந்தது. அவர் இஞ்சினை அணைத்தார்.

"கேஸு போனா போவுது. உன்ன போலீஸு இட்டுகினு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் இறங்கிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். மூன்று வருஷத்து வட்டியையும் ஒரு பைசா குறையாமல் கட்டி முடித்தோம். வட்டி போகட்டும், செயின் போகட்டும், அதெல்லாம் ஆறிவிட்டது. அந்த வக்கீல் மட்டும் ஆறவில்லை. என் புருஷனை ஒரே ஒரு நிமிஷம் பார்த்தார், இந்த ஆள் கேஸை விட்டுக்கொடுப்பான், பெண்டாட்டியை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று கண்டுகொண்டார். என் புருஷனுடைய நல்ல குணத்தை வைத்தே எங்களை அடித்துப் போட்டார்.